கப்பலில் மிஸ்டர் மருதமுத்து

புதிதாகப் பயண வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்கெட் போடுவது எப்படி, விசா பாரம் நிரப்புவது எப்படி என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். நான் கற்ற முறைகள் எல்லாம் எப்போதோ மலையேறிவிட்டன. கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருந்ததால்தான் எனக்கு வேலையே கிடைத்தது. ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு நம்மை நம்பிப் பின்னால் வருகிற ஆள் இருக்கிறாரே, அவர் அன்றும் இன்றும் ஒருவரேதான். அவரை வைத்து நான் செய்த தப்புகளைத்தான் உங்களுக்குச் சொல்ல முடியும். நிறையச் செய்திருக்கிறேன். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்த தப்பு ஒன்று உண்டு.

எழுபதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு சிறிய பயண நிறுவனத்தில் டிக்கெட் எழுதச் சேர்ந்தேன். முதலாளி ஒரு கன்டோனீஸ் சீன அம்மாள். நாங்கள் பாஸ் என்று கூப்பிடுவோம். குரலை உயர்த்தாமலே ஆளை நடுங்க வைக்கிற ரகம். எனக்கு வாய் நீளம் என்பதைப் பார்த்து, "நீ டிக்கெட் எழுதி என்னா பிரயோஜனம், ஆளுங்களோட போ" என்று என்னைச் சுற்றுலாக் குழுக்களோடு அனுப்பத் தொடங்கியது அவர்தான். கேமரன் மலை, பினாங்கு, பிறகு பேங்காக், பிறகு வேளாங்கண்ணி என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூடியது.

அவர் எனக்கு இரண்டு விதிகள் கொடுத்தார். ஒன்று, எல்லாருடைய பாஸ்போர்ட்டும் உன் பையில் இருக்கட்டும், இவர்களை நம்பாதே. இரண்டு, அவருடைய சந்தை மலாயில் சொன்னது: "ஹோட்டல் தா லாரி லா, பிலோ." பிலோ நான்தான்; ஹோட்டல் எங்கும் ஓடிப்போகாது என்று அர்த்தம். நேரமாகிவிட்டதே என்று ஆட்களை விரட்டாதே என்பதற்காகச் சொன்னது. முதல் விதி என்னைக் குழியில் தள்ளியது, இரண்டாவது தூக்கிவிட்டது. அதனால் அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

எண்பதுகளில் ஒரு ஜூன் மாதம் இருபத்து நான்கு பேரோடு ஐரோப்பாவுக்குப் போனேன். அத்தனை பேரும் பேராக் மாநிலத்துத் தமிழர்கள். அவ்வளவு தூரம் நான் தனியாக அழைத்துப் போன முதல் குழு அது. கடைசி ஐந்து நாள் டென்மார்க், ஸ்வீடன். சூரியன் இரவு பத்து மணிக்கும் மறையாது என்று விளம்பரத்தில் போட்டிருந்தோம், அதற்காகவே பாதிப் பேர் வந்தார்கள். தைப்பிங்கிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மழையில்லாத ஊரிலும் குடையைக் கீழே வைக்கவில்லை.

பத்து காஜாவிலிருந்து காளியப்பனும் அவர் மனைவி சரசம்மாவும் வந்திருந்தார்கள். காளியப்பன் முப்பது வருடம் அரசாங்க லாரி ஓட்டியவர். அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கலாம் என்று பிள்ளைகள் சொன்னபோது, "ஊருக்கெல்லாம் சோறு போட்டு என்னா, நாங்க ரெண்டு பேரும் கப்பல் ஏறிப் பாத்துட்டு வாரோம்" என்று இவர் பிடிவாதம் பிடித்தாராம். விமானத்தில்தான் போகிறோம் என்று நான் விளக்கியபோது அவர் முகம் சுருங்கியது. ஒரு இடத்தில் கப்பலும் உண்டு என்றேன். உடனே முன்பணம் கட்டிவிட்டார்.

அந்தக் கப்பல்தான் டென்மார்க்கிலிருந்து ஸ்வீடனுக்குப் போகிற பேரி. இந்தக் கரையில் ஹெல்சிங்கோர், அந்தக் கரையில் ஹெல்சிங்போர்க். குழுவில் யாருக்கும் இரண்டு பெயரையும் பிரித்துச் சொல்ல வரவில்லை. பயணம் இருபது நிமிடம். எங்கள் ஆட்கள் எல்லாரும் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குப் பேரியில் போய் வந்தவர்கள்தானே, அதனால் பெரிய அனுபவசாலிகள் மாதிரி நடந்துகொண்டார்கள். பஸ் கார்களோடு கார்களாகக் கப்பலின் வயிற்றுக்குள் போய் நின்றதும், பாரிட் புந்தாரிலிருந்து வந்த அக்கா ஒருவர் இறங்க மறுத்தார்.

"பினாங்கு பேரில நாங்க காரவிட்டு எறங்கவே மாட்டோம்லா. நீங்க போங்க, நான் பைகளப் பாத்துக்கறேன்."

இங்கே எல்லாரும் மேலே போயே ஆகவேண்டும் என்று கெஞ்சி அவரை இறக்கினேன். மேலே காப்பிக்கடை, பெரிய சன்னல்கள், வெயில், பின்னால் கரையில் ஒரு கோட்டை. எல்லாரும் கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் படம் எடுத்துக்கொண்டார்கள். அறிவிப்பு வந்ததும் கீழே வந்துவிடுங்கள் என்று மூன்று முறை சொன்னேன். வந்தார்கள். பஸ்ஸில் ஏறி நின்று தலைகளை எண்ணினேன். இருபத்து நான்கு. "போலாம்" என்று டிரைவருக்குக் கையைக் காட்டினேன்.

ஸ்வீடனில் இறங்கிக் கால் மணி நேரம் போயிருக்கும். சரசம்மா முறுக்கு டின்னைத் திறந்து, "அவங்ககிட்ட குடுங்க" என்று பின்னால் அனுப்பினார். எங்கள் குழுவில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். யாரும் சொல்லாமலே அப்படித்தான் உட்கார்ந்தார்கள். டின் கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரை போய், அப்படியே திரும்பி வந்தது.

"காளியப்பண்ண இங்க இல்லையே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

எழுந்து ஓடினேன். கடைசி இருக்கையில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது எங்கள் டிரைவரின் மாற்று டிரைவர். டென்மார்க் கரையில் ஏறியவர். அவர் தலையையும் சேர்த்துத்தான் நான் எண்ணியிருக்கிறேன். காளியப்பன் கப்பலில்.

நான் எதற்குப் பயந்தேன் என்று இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பாஸ்போர்ட் என் பையில் இருந்தது. அவருடைய இரத்தக்கொதிப்பு மாத்திரை சரசம்மாவின் பையில் இருந்தது. அவர் கையில் இருந்தது அரைகுறை ஆங்கிலமும் காப்பி குடிக்கக் கொஞ்சம் சில்லறையும்தான். எந்த நாட்டுக் கரையில் இறங்கினாலும் தான் யார் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாத மனிதர் அவர். அப்படி ஆக்கி வைத்தது நான்.

பஸ்ஸைத் திருப்பச் சொன்னேன். துறைமுக அலுவலகத்தில் உயரமான அதிகாரி ஒருவர் பென்சிலை எடுத்துக்கொண்டு, காணாமல் போனவர் பெயர் என்ன என்று சரசம்மாவைப் பார்த்துக் கேட்டார். மனைவியைக் கேட்பதுதானே முறை. சரசம்மா என்னைப் பார்த்தார். நாற்பது வருடத்தில் ஒருநாள்கூடப் புருஷன் பெயரைச் சொல்லாத வாய், ஸ்வீடனில் வந்தா சொல்லப்போகிறது.

நான் பட்டியலை எடுத்தேன். டிக்கெட்டுக்காக நானே எழுதிய பட்டியல். டிக்கெட்டில் முதலில் குடும்பப் பெயர் வேண்டும், நமக்கு ஏது குடும்பப் பெயர். அதனால் தகப்பன் பெயரை முன்னால் எழுதி, சாய்கோடு போட்டு, சொந்தப் பெயரைப் பின்னால் எழுதுவேன். பத்து வருடமாக எழுதி எழுதி எனக்கு அது கண்ணில் உறுத்துவதே இல்லை. அவசரத்தில் முதலில் இருந்ததைப் படித்தேன்.

"மருதமுத்து. மிஸ்டர் மருதமுத்து."

சரசம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "அது அவங்க இல்லம்மா. அது மாமா."

எங்கள் அத்தை வீட்டில் அத்தையே மாமாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். இவரும் புருஷனைத்தான் மாமா என்கிறார், பதற்றத்தில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன். "சரிக்கா, சரி, மாமா கெடைச்சிருவாரு" என்று அவர் கையை எடுத்து விட்டேன். அந்த ஒரு நிமிடத்தில் நின்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதிகாரி எல்லாப் பேரிகளுக்கும் வானொலியில் சொன்னார். ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. டென்மார்க் கரையிலும் விசாரித்தார்கள், நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்த ஆள் யாரும் அங்கே இறங்கவில்லை என்றார்கள். நாங்கள் வந்த அதே கப்பல் திரும்பி வந்து, கார்களையும் ஆட்களையும் இறக்கிவிட்டது. கூட்டம் முழுவதும் என் கண் முன்னால் இறங்கியது. அதிலும் அவர் இல்லை. பெயரைச் சொல்லியும் வராத ஆள் கப்பலில் இருக்கமுடியாது, போலீஸில் எழுதிக் கொடுங்கள் என்றார் அதிகாரி.

வாத்தியார் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். "பாப்பா, தப்பா நெனைக்காத. இன்னும் ரொம்ப தூரம் போவணும், டிரைவருக்கும் இத்தன மணி நேரந்தான் ஓட்டலாம்னு சட்டம் இருக்கு. போலீஸ்ல சொல்லிட்டு நாம கெளம்பலாம். இருபத்து மூணு பேரு காத்துக்கிட்டு இருக்கோம்."

அவர் சொன்னது நியாயம்தான். கணக்குப்படி நியாயம். டிரைவரும் கடிகாரத்தைக் காட்டினார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் இருபத்து மூன்று பேருக்கும் பயம் பிடித்துக்கொள்ளும் என்று விழுங்கிக்கொண்டேன். சரசம்மா அழவில்லை, அதுதான் பெரிய கொடுமை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பி ஓரமா நின்னா எட்டிப் பாப்பாரும்மா, அவரு அப்படித்தான்" என்று மெல்லச் சொன்னார்.

ஹோட்டல் தா லாரி. பாஸின் குரல் ஈப்போவிலிருந்து நேராகக் காதுக்குள் கேட்டது. வாத்தியாரிடம் பட்டியலைக் கொடுத்து, எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்து இங்கேயே உட்கார வையுங்கள், ஒருவரும் அசையக்கூடாது என்றேன். பாவம், வகுப்பை ஒப்படைத்ததும் மனிதர் வாத்தியாராகிவிட்டார். நான் சரசம்மாவைக் கூட்டிக்கொண்டு அதே கப்பலில் ஏறினேன். மற்றவர்கள் பார்த்தது போதாது, என் கண்ணால் பார்க்காமல் எந்தப் போலீஸுக்கும் எழுதிக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

காப்பிக்கடையின் கோடியில், சன்னலோர மேசையில், ஒரு ஸ்வீடிஷ் கிழத் தம்பதியோடு உட்கார்ந்து காளியப்பன் இறால் அடுக்கிய ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, "வாங்க வாங்க" என்றார், வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி. சரசம்மா அந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, அப்போதுதான் அழுதார். அழுதுகொண்டே மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். எனக்குக் காளியப்பனைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, நாலு சாத்துச் சாத்தவும் தோன்றியது.

"ஏண்ணே, எல்லாரும் எறங்குனப்ப நீங்க ஏன் எறங்கல?"

"மொத வாட்டி தப்பு மாடிப்படில எறங்கிட்டேன் தங்கச்சி. கதவு பூட்டியிருந்துச்சு. திரும்பி மேல வாரதுக்குள்ள கப்பல் கெளம்பிருச்சு. சரி, நம்ம பினாங்கு பேரி மாதிரிதான, போனது திரும்பி வந்துதான ஆவணும்னு உக்காந்துட்டேன். இந்த வெள்ளக்காரத் தாத்தாவும் எறங்கல."

அது உண்மை. அந்த ஊர்க்காரர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. டிக்கெட் எடுத்து ஏறி, கரையில் இறங்காமலே இரண்டு நாட்டுக்கும் நடுவில் போய்ப் போய் வந்து, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதனால்தான் இறங்காமல் உட்கார்ந்திருந்த இவரைக் கப்பல் ஆட்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

"ரெண்டாவது வாட்டி எறங்கியிருக்கலாம்ல?"

"எறங்கத்தான் எந்திரிச்சேன். அப்பதான் ஸ்பீக்கர்ல கூப்ட்டாங்க."

"கூப்பிட்டாங்கல்ல? உங்களத்தான கூப்பிட்டாங்க? போயிருக்க வேண்டியதுதான?"

"என்னய எங்க கூப்ட்டாங்க" என்றார் காளியப்பன். "எங்கப்பாவல்ல கூப்ட்டாங்க."

சரசம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதத்தான்மா நான் சொன்னேன். மாமான்னு."

மாமா என்றால் மாமனார். மாமனார் பெயரையும் அவர் சொல்லக்கூடாது. இருக்கிற ஒரே சொல்லால் அந்த அம்மாள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான்தான் தமிழ் தெரியாதவள் மாதிரி நின்றிருக்கிறேன். கத்தோலிக்கப் பெயர் வைத்துக்கொண்டாலும் நானும் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள்தான், தகப்பன் பெயரைப் பின்னால் சுமந்து திரிகிறவள்தான். வெள்ளைக்காரர் செய்தால் அறியாமை என்று விடலாம். நான் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது?

அன்று மாலையே எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் அவரவர் கையில் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து தலைகளை எண்ணியதில்லை, முகங்களைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், சொந்தப் பெயரை. பயணி கையைப் பிடித்து இழுத்தால் செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டேன். பாஸிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, முதல் விதியைத் தானே வாபஸ் வாங்கினார். உங்களுக்கு நான் சொல்ல நினைத்த பாடம் இவ்வளவுதான், குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு இது பிடித்த தப்பு என்று சொன்னேனே, அதன் காரணம் இனிமேல்தான். அதற்குக் கப்பல் காப்பிக்கடைக்கே திரும்பவேண்டும்.

"சரிண்ணே, அப்பா பேரக் கேட்டுட்டு என்னா செஞ்சீங்க?" என்றேன்.

"தேடுனேன். நம்மாளு ஒருத்தர் கப்பல்ல இருக்காரு, அதுவும் எங்கப்பா பேரோடன்னு சந்தோசத்துல மேலயும் கீழயும் அலைஞ்சேன். யாரும் இல்ல. ரெண்டாவது வாட்டி கூப்ட்டப்பதான் வெளங்குச்சு, என்னயத்தான் தேடுறாங்கன்னு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்பவே போயிருக்கணும். தப்புதான். இன்னொரு வாட்டி கூப்டுவாங்கன்னு உக்காந்துட்டேன்."

"நான் அங்க செத்துப் பொழைக்கறேன், உங்களுக்குப் பேரு கேக்குதா?" என்றார் சரசம்மா.

"மிஸ்டர்னு கூப்ட்டாங்க சரசு. மிஸ்டர் மருதமுத்துன்னு."

அதற்குமேல் அவர் பேச வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் பேசினார். அவர் அப்பா பத்து காஜா பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பாலெடுத்தவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவான். அப்பாவை "மருதை" என்றுதான் கூப்பிடுவான், சில நாள் அதற்கு முன்னால் ஒரு கெட்ட வார்த்தையும் இருக்கும். அப்பா கையைக் கட்டிக்கொண்டு "வந்திருக்கேங்க" என்பார். முப்பது வருடம் தினமும் அது. முழுப் பெயரையும் யாரோ ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அவர் செத்த பிறகு, சாவுப் பத்திரம் எழுதும்போதுதான்.

"இந்தியாவுலேருந்து கப்பல்ல அடித்தட்டுல வாந்தி எடுத்துக்கிட்டு வந்த மனுசன் தங்கச்சி. இந்தக் கப்பல்ல, இவ்வளவு பெரிய ஆளுங்க மத்தியில, மிஸ்டர் போட்டுக் கூப்டறாங்க. எப்படி எந்திரிச்சுப் போறது சொல்லுங்க."

சரசம்மா புருஷன் கோட்டில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டார். ஸ்வீடிஷ் பாட்டி என்ன விஷயம் என்று புரியாமலே அவருக்குக் கைத்துடைப்புத் தாளை நீட்டினார்.

டென்மார்க் கரை தொட்டு, கப்பல் மறுபடி ஸ்வீடன் பக்கம் திரும்பியிருந்தது. கப்பல் அலுவலர் ஒரு பெண், சீருடையில், எங்கள் மேசைக்கு வந்தார். இவர்தானா என்று கேட்டார். இவர்தான் என்றேன். நல்லது, தேடுவதை நிறுத்தச் சொல்லிவிடுகிறேன் என்று திரும்பினார். நான் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினேன். ஒரே ஒரு முறை, கடைசியாக ஒரு முறை அந்தப் பெயரைச் சொல்லமுடியுமா என்று கேட்டேன்.

கிடைத்துவிட்டாரே, என்னவென்று சொல்வது என்றார்.

"கப்பலுக்கு வரவேற்கிறோம் என்று சொல்லுங்கள்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார், காளியப்பனைப் பார்த்தார், போய்விட்டார். செய்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு நிமிடம் கழித்து ஒலிபெருக்கி கரகரத்தது. முதலில் அவர்கள் மொழியில் என்னமோ சொன்னார்கள். பிறகு ஆங்கிலத்தில், அந்த நாக்கால் முடிந்த அளவுக்கு நிறுத்தி நிதானமாக: மிஸ்டர் மாருட்டா முட்டு அவர்களை எங்கள் கப்பலுக்கு அன்போடு வரவேற்கிறோம்.

காளியப்பன் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கை கட்டவில்லை. ஒலிபெருக்கி இருந்த பக்கம் பார்த்து, கடை முழுவதற்கும் கேட்கிற மாதிரி, "வந்திருக்காருங்க" என்றார்.